ஜாபிர் எறங்கு

ஊருக்குப் பேர் வைப்பது ராஜாக்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். நம்பாதீர்கள். ராஜா வைத்த பேர் கல்வெட்டில் கிடக்கும், ஜனங்கள் வாயில் கிடப்பது வேறு. கடலூரின் பழைய நகரத்துக்கு முதுநகர் என்று அழகாகப் பேர் எழுதி மாட்டியிருக்கிறார்கள். பஸ்ஸில் ஏறி முதுநகர் என்று டிக்கெட் கேட்டுப் பாருங்கள், வெளியூர்க்காரன் என்று உடனே தெரிந்துவிடும். ஓல்ட் டவுனைச் சுருக்கி ஓ.டி. என்றால்தான் உள்ளூர்க்காரன். தெற்கே வந்தால் பரங்கிப்பேட்டை. கப்பலில் வந்து இறங்கிய பரங்கியர்களால் வந்த பேர். அவர்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. இன்றைக்கும் புதிதாக வருகிறவன், "ஏங்க, இங்க பரங்கிக்காய் ஜாஸ்தி வெளையுமா?" என்று கேட்பான். அவனுக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஊர்க்காரர்களுக்கு அலுத்துவிட்டது.

அலுத்தாலும், அவன் கேட்கிறான் பாருங்கள். பேர் என்று ஒன்று இருந்துவிட்டால் அது எப்படி வந்தது என்று எவனாவது ஒருத்தன் கேட்டே தீருவான். சிதம்பரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவே ஓடும் மினிபஸ்ஸின் கண்டக்டர் நவ்ஷாத், கோர்ட்டை நம்பவில்லை, போலீஸை நம்பவில்லை, ஜமாத்தை ரொம்ப நாள் நம்பி ஏமாந்தான். கடைசியில் அவன் நம்பியது இந்த ஒன்றைத்தான்.

நவ்ஷாத் பரங்கிப்பேட்டைக்காரன். ஒல்லி உடம்பு, பெரிய தொண்டை. இவன் சின்னப் பையனாக இருக்கும்போதே வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மா சலீமா பீவி இடியாப்பம் அவித்து விற்று இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். மூத்தவன் இவன். இளையவன் ஜாபிர். ஜாபிருக்கு வெளிநாடு போகவேண்டும் என்று ஆசை. அந்த ஊரில் எந்தப் பையனுக்கு அந்த ஆசை இல்லை? தெருவில் பாதி வீடு அந்தப் பணத்தில் எழும்பியதுதான்.

ஆள் அனுப்புகிற வேலையை அப்போது அப்துல் ஹக் என்பவர் செய்துகொண்டிருந்தார். சூப்பர் மார்க்கெட்டில் வேலை, ஏசியில் நிற்கலாம், தங்க இடம் சாப்பாடு எல்லாம் உண்டு என்றார். ஜாபிர் அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து டீ குடித்ததை நவ்ஷாத் பக்கத்தில் இருந்து பார்த்தான். "என் புள்ள மாதிரி பாத்துக்குவேன்," என்று சலீமா பீவியிடம் சொன்னதையும் கேட்டான். போய் இறங்கியபிறகுதான் தெரிந்தது, மார்க்கெட்டும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. பாலைவனத்தில் ஆடு மேய்க்கிற வேலை. போனில் ஒரு தடவை பேசினான். "அண்ணே, இங்க தண்ணி சுடுது," என்றான். கோடையில் செத்துப்போனான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

சலீமா பீவி ஜமாத்தில் போய் நின்றாள். பெரியவர்கள் அப்துல் ஹக்கைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே சொன்னார்:

"ஜாபிருன்னு யாரையும் எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். எந்தக் காகிதத்திலும் அவர் கைநாட்டுகூட இல்லை. வேலையெல்லாம் மெட்ராஸில் இருக்கும் வேறு ஆள் பேரில் நடந்திருந்தது. தெரியாது என்று ஒரு மனுஷன் அடித்துச் சொன்னால் ஜமாத் என்ன செய்யும்? கலைந்து போய்விட்டார்கள். அன்றைக்கு நவ்ஷாத் அரிவாளைத் தேடி எடுத்தான். உம்மா கதவில் குறுக்கே நின்றாள். "ஒரு புள்ளைய மண்ணுக்குக் குடுத்துட்டேன். இன்னொண்ண ஜெயிலுக்குக் குடுக்க என்கிட்ட தெம்பு இல்லடா."

அவன் அரிவாளைக் கீழே வைத்தான். ஆத்திரத்தை வைக்கவில்லை. செத்தவனைத் தெரியாது என்று சொன்ன அந்த வாயாலேயே, நாலு பேர் முன்னால், ஜாபிர் என்று சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டான். எப்படி என்பது மட்டும் தெரியவில்லை. வருஷங்கள் ஓடின. அப்துல் ஹக் ஹஜ்ஜுக்குப் போய் வந்து ஹாஜியார் ஆனார். நவ்ஷாத் பொன்னுரங்கம் முதலாளியின் மினிபஸ்ஸில் கண்டக்டர் ஆனான்.

முட்லூர் தாண்டிப் பரங்கிப்பேட்டை வருகிற வழியில் ஒரு திருப்பம். ரோட்டோரம் ஒரு சவுக்குத்தோப்பு இருந்ததால் கண்டக்டர்கள் அதைத் தோப்பு என்று கூவிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தோப்பை ஹாஜியார் வாங்கினார். மரங்களை வெட்டித் தள்ளிவிட்டு கல்யாண மண்டபம் கட்டினார். கண்ணாடியும் கிரானைட்டுமாக, ராத்திரியில் சீரியல் பல்பு போட்டால் திருவிழா தோற்றுப்போகும். நெற்றியில் ஆள் உயர எழுத்தில் 'ஹக் மஹால்'.

திறப்பு விழாவுக்கு மறுநாள் ஹாஜியாரே மினிபஸ்ஸை நிறுத்தி ஏறினார். கையில் அல்வாப் பெட்டி. டிரைவர் கலியமூர்த்திக்கு ஒரு துண்டு, கண்டக்டருக்கு ஒரு துண்டு.

"தம்பி, இனிமே தோப்புன்னு கூவாதீங்க. தோப்பு ஏது இப்ப? ஹக் மஹால்னு கூவுங்க. நாலு தடவ கூவுனா ஜனங்க வாய்க்குப் பழகிடும். நம்ம காலத்துக்கு அப்புறமும் பேரு நிக்கணும் பாருங்க."

சொல்லிக்கொண்டே நவ்ஷாத்தின் தோளைத் தட்டினார். யார் தோள் என்று தெரியாமல் தட்டினார். எத்தனையோ பேரை ஏற்றி அனுப்பியவருக்கு ஒரு முகமா ஞாபகம் இருக்கும்? நவ்ஷாத்துக்கு அல்வாவைத் தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. கலியமூர்த்தியிடம் கொடுத்துவிட்டான். ஹாஜியார் இறங்கிப் போனபிறகு அவர் சொன்னதைத் திரும்பத் திரும்ப யோசித்தான். நாலு தடவை கூவினால் பழகிவிடும். நம் காலத்துக்குப் பிறகும் நிற்கும். அட, வழியை அந்த ஆளே காட்டிக்கொடுத்துவிட்டானே!

அடுத்த டிரிப்பில் திருப்பம் வந்தது. நவ்ஷாத் படியில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டான்.

"ஜாபிர், ஜாபிர் எறங்கு! ஜாபிர் ஸ்டாப்பு வரவங்க முன்ன வா!"

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. கலியமூர்த்தி கண்ணாடியில் பார்த்து, "இன்னாடா புதுசா?" என்றார். "அதான் பேரு மாமா. நீங்க வண்டிய நிறுத்துங்க," என்றான். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பழகின டிரைவர், கண்டக்டர் முகத்தைப் பார்த்தே எப்போது பேசக்கூடாது என்று தெரிந்தவர்.

பேர் ஒட்டுவது லேசான வேலை இல்லை. தோப்பு ஒண்ணு என்று கேட்டால், "தோப்பு எங்க இருக்கு? வெட்டிட்டாங்களே. ஜாபிரா?" என்று நவ்ஷாத் திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட்டைக் கிழிப்பான். மண்டபம் என்றால், "எந்த மண்டபம்? ஜாபிர் ஸ்டாப்பு மண்டபமா?" என்பான். முதலில் ஜனங்கள் முறைத்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு காலையில் வேலைக்குப் போகிற அவசரத்தில் இவனோடு எவன் வாதாடுவான் என்று ஜாபிர் ஒண்ணு, ஜாபிர் ரெண்டு என்று காசை நீட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்னங்கோயில் துறையில் மீன் எடுத்து ஊர் ஊராக விற்கும் குப்புதான் முதலில் கேட்டது. கூடையைப் படியில் வைத்துவிட்டு, "ஏன்டா, யாருடா அந்த ஜாபிரு? புது மினிஸ்டரா?" என்றாள். நவ்ஷாத் சொன்னான். டிக்கெட் கொடுக்கிற இடைவெளியில், துண்டு துண்டாக, அழாமல் சொன்னான். குப்பு கேட்டுவிட்டு வெற்றிலையை வெளியே துப்பினாள். கடலுக்குப் போய் வராத ஒரு மகன் அவளுக்கும் இருந்தான். அதன்பிறகு அவள் கூடை இறங்கிய வீடெல்லாம் அந்தக் கதையும் இறங்கியது. கொடுவா கேட்டவர்களுக்குக் கொடுவாவோடு கதை. சென்னாங்குன்னி கேட்டவர்களுக்கும் கதை. ஒரே மாசத்தில் ஷேர் ஆட்டோக்காரர்களும் ஜாபிர் ஸ்டாப் என்று கூவத் தொடங்கினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த காலேஜ் பெண் ஒருத்தி பொழுது போகாமல் போன் மேப்பிலும் அந்தப் பேரை ஏற்றிவிட்டாள்.

ஒருநாள் சலீமா பீவி சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மகனின் பஸ்ஸில் திரும்பினாள். இதைப் பற்றி வீட்டில் நவ்ஷாத் மூச்சு விட்டதில்லை. திருப்பம் நெருங்க நெருங்க அவன் உம்மா பக்கம் பார்க்காமல் படியிலேயே நின்றான். கூவத்தான் வேண்டும், ஏழெட்டுப் பேர் இறங்குகிறார்கள். "ஜாபிர் எறங்கு," என்றான், பாதிக் குரலில். உம்மா தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். ரோட்டில் போட்டு என் பிள்ளை பேரைக் கூவுகிறாயே என்று அழப்போகிறாள் என்று பயந்தான்.

"தொண்டையில இன்னாடா கிச்சு கிச்சா? மண்டபத்துக்குள்ள கேக்கற மாதிரி கூவு."

அன்றிலிருந்து அவன் கூவியதில் மண்டபத்துக் கண்ணாடி அதிர்ந்தது.

ஹாஜியார் சும்மா இருப்பாரா? ரோட்டோரம் பச்சை போர்டு நட்டார், வளைவு கட்டினார். எதுவும் ஒட்டவில்லை. ஜமாத்தில் போய்ப் புகார் சொன்னார்: "என் மண்டபத்து வாசல்ல அந்தப் பேரச் சொல்லி தினம் கூவுறாங்க." ஒரு பெரியவர் வேண்டுமென்றேதான் கேட்டார், "எந்தப் பேரு ஹாஜியார்?" ஹாஜியார் வாயைத் திறந்தார், மூடினார். தெரியாத ஆளின் பேரை எப்படிச் சொல்வது? "அதான்... அந்தப் பேரு," என்று முனகிவிட்டு எழுந்து போய்விட்டார். இதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு நவ்ஷாத் இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டான்.

பிறகு ஹாஜியாரின் மகள் ஷாசியா ஒருநாள் பஸ்ஸில் ஏறினாள். வீட்டுக் கார் ரிப்பேர். "ஜாபிர் ஸ்டாப் ஒண்ணுண்ணே," என்று சர்வசாதாரணமாகக் கேட்டாள். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, "ஏன்ணே இந்தப் பேரு? யாரு அவரு?" என்றாள். நவ்ஷாத்துக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை. "உங்க வாப்பாவுக்குத்தான் நல்லாத் தெரியும். அவரக் கேளும்மா," என்றான்.

அவள் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலையில் ஹாஜியார் பொன்னுரங்கம் முதலாளி வீட்டில் இருந்தார். முதலாளி நவ்ஷாத்தைக் கூப்பிட்டு, "உன் பஞ்சாயத்து எனக்குப் புரியுது. ஆனா அந்த ஆளு பெரிய எடத்துல சொல்லி பர்மிட்டுல கை வச்சிட்டா நான் எங்க போறது? நாளையிலேருந்து ஹக் மஹால்னு கூவு. இல்லன்னா பையக் கழட்டி வச்சிடு," என்றார். பஸ் போனால் குரலும் போகும். நவ்ஷாத் தலையை ஆட்டினான்.

மறுநாள் திருப்பம் வந்ததும், "ஹக் மஹால் எறங்கு!" என்று கூவினான். வாயெல்லாம் கசந்தது. பஸ் நின்றது. ஒரு ஆளும் இறங்கவில்லை. கலியமூர்த்தி கியரைப் போட்டு நகர்த்தினார். ஒரு பர்லாங் தாண்டியதும் பின்னால் கூச்சல் கிளம்பியது. "யோவ், ஜாபிர் ஸ்டாப்ப உட்டுட்டு எங்கய்யா போற?" "கண்டக்டர் தூங்கிட்டாரா?" "ஜாபிர்ல எறங்கணும்பா, ஸ்கூலுக்கு நேரமாச்சு!" குப்பு எழுந்து நின்று கூடையால் பஸ்ஸைத் தட்டினாள். அடுத்த டிரிப்பிலும் அதே கூத்து. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி போன் போட்டு முதலாளியைத் திட்டித் தீர்த்துவிட்டாள். சாயங்காலம் பொன்னுரங்கம் ஹாஜியாருக்குப் போன் செய்து, "எழுதுறது உங்க கை, கூவுறது ஊரு வாயி. நான் இன்னா பண்றது பாய்? போர்டு எத்தன வேணா வச்சிக்குங்க," என்று சொல்லிவிட்டார்.

பேர் தன் கையைவிட்டுப் போய்விட்டது என்று அன்றைக்குத்தான் நவ்ஷாத்துக்குப் புரிந்தது. அவன் நினைத்தாலும் இனி அதை அழிக்க முடியாது. அவனுக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் ஊர் பூராவும் சொல்கிறது, சொல்லவேண்டிய வாய் இன்னும் சொல்லவில்லையே.

ஷாசியாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஓ.டி. பையன், அவன் வாப்பா கவுஸ் மைதீன் துறைமுகத்துப் பக்கம் மரக்கடை வைத்திருப்பவர். பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி எழுதவேண்டிய இடத்தில் ஹாஜியார் ஒரு வரிகூடப் போடவில்லை. வழி போட்டால் பஸ் ஸ்டாப் பேரைப் போடவேண்டுமே! அந்த வீம்பில் வந்த வினைதான் பிறகு நடந்ததெல்லாம்.

கல்யாணத்தன்று காலை நவ்ஷாத் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸோடு வந்தான். இந்த நிக்காஹ் நின்றுபோகவேண்டும் என்று அவன் நினைத்ததுண்டு. அந்தப் பெண் என்ன செய்தாள் என்று குப்பு திட்டியபிறகும் நினைத்தான். அவன் மனசு அவ்வளவு நல்லதாக இல்லை, மறைத்து என்ன ஆகப்போகிறது? முட்லூரில் பூ சுற்றிய வேன் ஒன்று வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. முன்சீட்டிலிருந்து தாடி நரைத்த மனுஷன் ஒருத்தர் இறங்கி வந்தார், கவுஸ் மைதீன்தான்.

"தம்பி, ஹக் மஹாலு எங்க? கிள்ளை வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டோம். கல்யாண வேலையில போனையும் யாரும் எடுக்கல. கேக்குற ஆளெல்லாம் அப்புடி எடமே இல்லன்றான்."

"பின்னாடியே வாங்க," என்றான் நவ்ஷாத்.

பஸ் முன்னால், வேன் பின்னால். திருப்பம் வந்தது. "ஜாபிர் எறங்கு!" இரண்டு வண்டியும் நின்றன. வாசலில் ஹாஜியார் பன்னீர்ச் செம்போடு ஓடி வந்தார். கவுஸ் மைதீன் வேனை விட்டு இறங்கி, போர்டைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, நீங்க ஹக் மஹாலுன்றீங்க, ஊரு பூரா ஜாபிருன்னுது. யாரு ஜாபிரு? எடம் குடுத்த பெரிய மனுஷரா?"

"அது ஒண்ணும் இல்ல. அந்தக் காலத்து ஆளு யாரோ. நீங்க உள்ள வாங்க."

நவ்ஷாத் படியிலிருந்து இறங்கினான். எத்தனை வருஷமாகக் காத்திருந்த கேள்வி.

"அந்தக் காலத்து ஆளு இல்ல. என் தம்பி. இவரு சூப்பர் மார்க்கெட்டுன்னு சொல்லி ஆடு மேய்க்க அனுப்பி வச்சாரு. வெயில்ல செத்துப்போனான். எங்க உம்மா கேட்டப்ப அப்புடி ஒரு ஆளையே தெரியாதுன்னு ஜமாத்துல சொன்னாரு."

"கல்யாண வாசல்ல வந்து கலாட்டா பண்றான் சம்பந்தி! காலிப்பய!" என்று ஹாஜியார் கத்தினார். செம்பிலிருந்த பன்னீர் அவர் வேட்டியிலேயே கொட்டியது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். "பொய்யின்னா பொய்யின்னு சத்தியம் பண்ணச் சொல்லு பாய்!" என்று குப்பு உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

கவுஸ் மைதீன் மரம் அளக்கிறவர். ஆளையும் நின்று நிதானமாக அளந்தார். "நீங்க அனுப்புனதா, இல்லையா?"

ஹாஜியார் தரையைப் பார்த்தார். அதுவே பதிலாகப் போய்விட்டது.

"அந்தப் பையனோட உம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. பேட்டையிலதான்," என்றான் நவ்ஷாத்.

"பத்திரிகை வச்சீங்களா சம்பந்தி?"

ஹாஜியார் காலிச் செம்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். கவுஸ் மைதீன் வேனின் கதவைத் தள்ளிச் சாத்தினார். "போயிட்டு வாங்க. கார்ல வேணாம், இந்தத் தம்பியோடவே போங்க. அவுங்க வந்தா வரட்டும், மூஞ்சில துப்புனா தொடச்சிக்கிட்டு வாங்க. நீங்க அந்த வாசல்ல நின்னுட்டு வர வரைக்கும் என் புள்ள இந்த வேன விட்டு எறங்க மாட்டான். பொண்ணு எங்க ஊட்டுப் பொண்ணுதான், அதுல மாத்தம் இல்ல. ஆனா நான் சாப்புட்ற எடத்துல ஒரு தாயோட வவுத்தெரிச்சல் இருக்கக்கூடாது."

மண்டப வாசலில் சொந்தக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். ஒருத்தரும் ஹாஜியாருக்காகப் பேசவில்லை. அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு ஈர வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. படியோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நவ்ஷாத் விசில் கொடுத்தான். பஸ் நகர்ந்தது.

முன்னால் இருவருக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு அவரிடம் வந்தான்.

"டிக்கெட்."

"பேட்டை ஒண்ணு."

"எங்க ஏறுனீங்க?"

"இப்பதானப்பா ஏறுனேன். நீயே பாத்தியே."

"ஸ்டாப்பு பேரச் சொல்லணும். அப்பதான் டிக்கெட்டு."

"தோப்பு."

"அப்புடி ஸ்டாப்பு இல்ல."

கலியமூர்த்தி கண்ணாடியில் பார்த்தபடி வண்டியை ஊர்ந்து போகவிட்டார். ஹாஜியார் ஜன்னல் வழியே பின்னால் போகிற மண்டபத்தைப் பார்த்தார்.

"ஜாபிர்," என்றார்.

"கேக்கல."

"ஜாபிர். ஜாபிர் ஸ்டாப்புல ஏறுனேன்." குரல் உடைந்துபோய் வந்தது. "நான் அனுப்புன பையன். தெரியும். தெரியாதுன்னு சொன்னது பொய்யி."

இதைக் கேட்டதும் மனசு ஆறிவிடும் என்றுதான் நவ்ஷாத் இத்தனை நாள் நினைத்திருந்தான். ஆறவில்லை. ஓங்கி அறையவேண்டும் போலத்தான் இருந்தது. டிக்கெட்டைக் கிழித்து அவர் கையில் வைத்தான்.

"படியில நிக்காதீங்க, உள்ள போங்க. எங்க உம்மா கதவத் தொறப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. தொறக்கச் சொல்லி நான் சொல்லவும் மாட்டேன். வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுறேன்."